நொச்சியாறு தெளிந்த பிறகு

கூண்டுக்குள் மீன்கள் ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்தன.

பரிசலிலிருந்து மிதவைப் பலகையில் கால் வைக்கும்போதே சிவமதிக்குச் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் பெருமழை கொட்டுவதுபோல் ஓயாத சத்தம். குனிந்து வலைக்குள் பார்த்தாள். உள்ளங்கை அகல ஜிலேபி மீன்கள் பாய்ந்து பாய்ந்து, எதிர்ப்பட்டதன் கண்ணையும் செவுளையும் கவ்விக் கிழித்தன. பாதி வயிறு போன மீன் ஒன்று திரும்பி வந்து பக்கத்தில் இருந்ததைக் கடித்தது. பசிக்காகக் கடித்ததாகத் தெரியவில்லை. பிய்த்த சதையைத் துப்பிவிட்டு அடுத்ததைத் தேடின.

மீன்வளத் துறை ஆய்வகத்தில் மீன் நோய்களைப் பார்க்கும் மருத்துவர் அவள். செத்து மிதக்கும் மீன்களை எத்தனையோ அணைகளில் பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"விடியால இருந்து இதே கூத்துத்தானுங்க டாக்டரம்மா. தீனி போடலாம்னு கைய விட்டேன், பாருங்க," என்றான் மாதையன். அவனுடைய ஆள்காட்டி விரலில் சுற்றியிருந்த துணி முழுக்க ரத்தம்.

மாதையன் மேட்டூர்ப் பக்கத்து மீனவன். நொச்சியாற்று அணையில் கூண்டு மீன் வளர்ப்பைக் குத்தகை எடுத்திருந்தது சிவமதியின் அண்ணன் சென்னியப்பன். மனைவி கெம்பம்மாளோடு கரையிலேயே குடிசை போட்டு, மீனைக் குழந்தைபோல் வளர்த்தது மாதையன். கூட்டாளிகள்தான். ஆனால் ஊர் சென்னியப்பனை மட்டும் முதலாளி என்றது.

"தண்ணி கெட்டுப் போச்சோ கண்ணு?" என்று கேட்டான், அவளோடு பரிசலில் வந்திருந்த சென்னியப்பன்.

கேட்டதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மிதவைக்குக் கீழே பதினைந்து அடி ஆழத்தில் கிடந்த கூழாங்கற்கள் வரை தெரிந்தன. அவ்வளவு தெளிவு.

அந்தத் தெளிவுக்கு வயது நான்கு. அதற்கு முன் நொச்சியாறு ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடிய ஆறு. மேலே கத்தாங்கண்ணி நகரத்துச் சாயப்பட்டறைகள் அன்றைக்கு எந்த நிறத்தில் துணி நனைத்தனவோ அந்த நிறம். கிணறு உப்பானது, தென்னை மொட்டையானது, ஆடுகள் குறைக்குட்டி போட்டன. அப்போதுதான் 'தெளிவி' வந்தது. சாயத்தைத் தின்று வாழும்படி ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய நுண்ணுயிர். டேங்கர் லாரிகளில் கொண்டுவந்து ஆற்றில் ஊற்றினார்கள். இரண்டு மழைக்காலத்தில் நிறம் போனது, நுரை போனது, நாற்றம் போனது. இனி எதற்குச் சுத்திகரிப்பு என்று பட்டறைகள் தங்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு இரண்டு மடங்கு கழிவைத் திறந்துவிட்டன. ஆறு அதையும் தெளியவைத்தது. பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

சிவமதி அன்று எடுத்துப் போன மீன்களின் மூளையை அறுத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கிவிட்டது. மறுநாள் மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"தெளிவி சாயத்தைத்தான் திங்குது அண்ணா. சாயத்துல இருக்கற உலோகத்தைத் திங்கல. அதை வேற ரூபமா மாத்தித் தண்ணியில விடுது. கண்ணுக்குத் தெரியாது, ருசியிலயும் தெரியாது. பாசியில ஏறுது, பாசியைத் தின்ன கூனி இறாலுக்கு ஏறுது, கூனியைத் தின்ன ஜிலேபிக்கு, ஜிலேபியைத் தின்ன விராலுக்கு. ஒவ்வொரு வாயிலயும் பல மடங்கு கூடிட்டே போகுது."

"அது ஏறுனா?"

"கொழுப்புல தங்கும். மூளையில கொழுப்பு அதிகம். கோபம் வந்தா நிறுத்தறதுக்கு மூளையில ஒரு பிடி இருக்குதுல்ல, அதை அரிச்சுப் போடும்."

"மனுசனுக்குமா?"

"இன்னும் தெரியல. தெரியற வரைக்கும் நம்ம வீட்டுல இந்த மீனைத் தொடாதீங்க. விக்கறதையும் நிறுத்திரு."

சென்னியப்பன் தாடையைத் தடவினான். "செரி கண்ணு. நிறுத்திப்போடறேன்," என்றான்.

அவள் நம்பினாள். துறையின் மேலதிகாரி, "தூய ஆறுன்னு விருது குடுக்கப் போறாங்கம்மா. அது முடியட்டும். அதுக்குள்ள வாயைத் திறந்து பீதியைக் கெளப்பிடாதீங்க," என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மாதிரிகள், இன்னும் ஒரு சோதனை என்று காத்திருந்தாள். ஊரில் அவள் எச்சரித்தது ஒரே ஒரு வீட்டை.

அணையை ஒட்டியிருந்த வெள்ளாங்கரை ஊர் அதற்குள் மாறத் தொடங்கியிருந்தது. முதலில் நாய்கள். மீன் கடைக் குப்பையில் வளர்ந்த நாய்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன பெண்பிள்ளை ஒருத்தியைச் சூழ்ந்துகொண்டன. விலக்கப் போன தபால்காரரின் கெண்டைக்காலைப் பிய்த்தெறிந்தன. பிறகு மனிதர்கள். சாம்பார் இன்னொரு கரண்டி கேட்ட வாடிக்கையாளர் முகத்தில் ஓட்டல்காரர் கொதிக்கும் எண்ணெயை வீசினார். வீசிவிட்டு அடுத்த மேசைக்கு இலை போட்டார். பேருந்தில் சன்னலை மூடு, திற என்று தொடங்கிய பேச்சு, நடத்துநரின் கழுத்தை ஒரு பயணி கடித்துத் துண்டாக்குவதில் முடிந்தது. வெயில் என்றார்கள். சாராயம் என்றார்கள். சாதிச் சண்டை மூளப்போகிறது என்று காவல்துறை ஆட்களைக் குவித்தது. குவிந்த காவலர்களுக்குக் கரையிலிருந்துதான் மீன் குழம்பு போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மாதையன் சிவமதியின் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் தாம்புக்கயிறு. பின்னால் கெம்பம்மாள், தோளைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகம் வெளிறி.

"என்னையக் கட்டிப் போடுங்க டாக்டரம்மா," என்றான் மாதையன்.

"என்ன ஆச்சு?"

"சோத்துல உப்பு இல்லீன்னு சொன்னேன். அது ஞாபகம் இருக்குது. அப்பறம் பார்த்தா இவ கீழ கெடக்கறா, என்ற கையில ஒலக்கை இருக்குது. நடுவுல என்ன நடந்துச்சுன்னே தெரியல. இவளைக் கட்டிக்கிட்ட நாள்ல இருந்து ஒரு அடி அடிச்சதில்லீங்க."

கெம்பம்மாளின் காறை எலும்பு முறிந்திருந்தது. "அவருக்கு என்னமோ சீக்குங்க. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்க இன்னும் அந்த மீனைத் தின்னுட்டா இருக்கறீங்க?"

"மூணு வேளையும் அதுதானுங்க சோறு."

"அண்ணன் உங்ககிட்டச் சொல்லலையா? விக்கக் கூடாது, திங்கக் கூடாதுன்னு?"

மாதையன் அவளையே பார்த்தான். கண்ணின் வெள்ளையில் ரத்தம் கட்டியிருந்தது. "என்னத்தைச் சொல்லோணும்?" என்றான்.

அவள் சொன்னாள். அவன் கயிற்றைக் கீழே போட்டான்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. கரை பூரா சனமுங்க. மொதல்ல உங்க அண்ணனைக் கேக்கறேன்," என்று சொல்லிவிட்டு அணைக்குக் குறுக்கு வழியில் ஓடினான்.

கெம்பம்மாளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு சிவமதி வண்டியை எடுத்தாள். அணைக் கரை மேல் வறுவல் கடைகள் வரிசையாக இருக்கும். ஞாயிறானால் சுற்றுவட்டாரமே குடும்பத்தோடு வந்து தின்னும். வளைவில் திரும்பியதும் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு மேல் சாலையில் மனிதர்கள் கிடந்தார்கள்.

எப்படித் தொடங்கியது என்று பிறகும் யாராலும் சொல்ல முடியவில்லை. நாற்காலிக்காக என்றார்கள். அவள் பார்த்தபோது ஒரு அப்பா, மணிக்கட்டில் பலூன் கயிறு சுற்றிய குழந்தை பக்கத்தில் நின்று அழ, பிளாஸ்டிக் நாற்காலியால் ஒரு கிழவரை அடித்துக்கொண்டிருந்தார். நாற்காலி உடைந்தது. உடைந்த காலால் குத்தினார். கடைக்காரி ஒருத்தி எண்ணெய்ச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். தன் கை பொரிவது அவளுக்கு உறைக்கவே இல்லை. அதை எதிரில் நின்ற பெண்ணின் தலையில் கவிழ்த்தாள். மோட்டார் சைக்கிள் சங்கிலி ஒருவன் முகத்தைக் கிழித்ததில் பல் வரிசை வெளியே தெரிந்தது. அப்படியும் அவன் நிற்கவில்லை. அடித்தவன் கழுத்தைப் பிடித்துக் கரைச் சுவரில் மோதி மோதி, மோதுவதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போகும் வரை மோதினான். கூட்டத்தைக் கலைக்க வந்த காவலர் ஒருவர் விழுந்து கிடந்தவனை லத்தியால் அடித்துக்கொண்டே இருந்தார். அவன் செத்து நேரமாகியிருந்தது.

சிவமதியை நடுங்க வைத்தது வேறு. யாரும் கத்தவில்லை. கெட்ட வார்த்தை இல்லை, ஏன்டா என்ற கேள்வி இல்லை. அடிபடும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும் குழந்தைகளின் அழுகையும் மட்டும். ஒருவர் முடிந்ததும் அடுத்தவரிடம் போனார்கள்.

பலூன் குழந்தையை இழுத்துக்கொண்டு அவள் ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் ஒடுங்கினாள். அங்கிருந்துதான் நீர்ப்பரப்பைப் பார்த்தாள். கூண்டு மிதவையில் இரண்டு உருவங்கள். மாதையன் கரையைக் காட்டிக் கையை வீசி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு திரும்பிப் பரிசலில் இறங்கக் குனிந்தான். மற்ற உருவத்தின் கையில் துடுப்பு இருந்தது. துடுப்பு உயர்ந்தது, இறங்கியது. மாதையன் பலகையில் விழுந்தான். துடுப்பு மறுபடி உயர்ந்தது. சத்தம் தண்ணீர் மேல் தாமதமாக வந்து சேர்ந்ததால், அது இறங்கிய பிறகே ஒவ்வொரு அடியும் அவள் காதில் கேட்டது.

"அண்ணா!" என்று கத்தினாள். அந்தக் கரையில் அன்று எழுந்த ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும்.

மாலையில் வெளியூர்க் காவல் படை வந்து எல்லாம் அடங்கியது. சென்னியப்பன் மிதவையிலேயே, ரத்தத்தில் உட்கார்ந்திருந்தான். பிடிக்கப் போன காவலரைக் கடித்தான். தலையைப் பலகையில் மோதிக்கொண்டான். சிவமதியைப் பார்த்ததும் குழந்தைபோல் அழுதான்.

"என்ன பண்ணுனேன்னே தெரியல கண்ணு. நீ சொன்னதை நான் நம்பல. நானும் தின்னுட்டேதான் இருந்தேன். என் மாதையனை நானே…"

அவள் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு அவள் மௌனம் காக்கவில்லை. மேலதிகாரியைக் கேட்காமல், அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் முன் போய் நின்றாள். மீனின் மூளையையும் அந்த மீனைத் தின்ற நீர்க்காகத்தின் மூளையையும் கரையில் செத்தவர்களின் மூளையையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினாள். மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே அரிப்பு. ஆற்றில் கலப்பதை நிறுத்தும்படி பட்டறைகளுக்கு உத்தரவு போனது. அன்று கொன்றவர்களைச் சிறைக்கு அனுப்புவதா என்ற கேள்விக்கும் அவள்தான் பதில் சொன்னாள்: "கத்தியைத் தண்டிக்கறதில்லையே." ரத்தத்தில் அந்த உலோகம் இருப்பது உறுதியானால் குற்றமில்லை, சிகிச்சை மட்டும் என்று அரசு விலக்கு அளித்தது. மூடிக்கிடந்த நூல் மில் ஒன்றை முகாமாக்கினார்கள். உலோகத்தை வெளியேற்றும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற, கட்டிலோடு கட்டப்பட்டிருந்தவர்களுக்கு மெல்லப் புத்தி தெளிந்தது. தெளிந்ததும் தாங்கள் செய்ததைக் கேட்டு அலறினார்கள். பலூன் குழந்தையின் அப்பா தன் மணிக்கட்டைக் கடித்துக் கிழித்துச் செத்துப்போனார்.

விலக்கு இறுதியாவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ரத்தச் சோதனை கட்டாயம். சோதனைப் பட்டைகள் வந்து சேர்ந்த அன்று, முகாமுக்குப் பொறுப்பான இன்ஸ்பெக்டர் ஷமீமா சிவமதியைத் தனியே அழைத்தார்.

"ஒரு சொட்டு விட்டா நீலமாகும், அவ்வளவுதானே டாக்டர்?"

"ஆமாங்க. மருந்து ஏத்தினவங்களுக்கும் காட்டும். எலும்புல தங்கினது வருசக்கணக்கா ரத்தத்துல கசிஞ்சுட்டே இருக்கும். சுத்தமா இருந்தா மட்டும் வெள்ளையாவே நிக்கும்."

"பட்டறைக்காரங்க வக்கீல் வெளியே காத்துட்டு இருக்கார். இத்தனை பேரும் நடிக்கிறாங்கன்னு அவர் கேஸ். ஒரே ஒருத்தர் பொய்னு ஆனாலும் போதும், மொத்தத்தையும் பொய்னு கெளப்பிடுவாங்க. அப்புறம் இங்க இருக்கற எல்லாரும் ஜெயில்தான். தெரிஞ்சுக்கங்க."

வரிசையாகப் பட்டைகள் நீலமாகின. ஓட்டல்காரர் நீலம். எண்ணெய்ச் சட்டி தூக்கிய பெண், கை முழுக்கக் கட்டோடு, கருநீலம். கெம்பம்மாளுக்கும் நீலம்தான், அவள் யாரையும் அடிக்கவில்லை என்பதை அவளே ஆச்சரியமாகச் சொன்னாள். "கோவம் வந்துதுங்க. வந்தப்ப எல்லாம் வெளிய போய்க் கல்லு மேல உக்காந்துக்குவேன்."

சென்னியப்பன் கடைசி அறையில் தனியாக இருந்தான். மற்றவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அவனே கேட்டு வாங்கிய அறை.

பட்டை வெள்ளையாகவே நின்றது. சிவமதி இன்னொரு பட்டை எடுத்தாள். வேறு விரலில் குத்தினாள். அதுவும் வெள்ளை.

"மதி," என்றான் அவன். "கதவைச் சாத்து."

அவள் சாத்தினாள்.

"நீ திங்கவே இல்ல," என்றாள்.

"நீதானே திங்க வேண்டாம்னு சொன்ன? அன்னைக்கிருந்து வீட்டுல ஒருத்தரும் தொடல. அதுக்கும் முன்னால எனக்கு மீன் வாசமே ஆவாது, உனக்குத் தெரியாதா? சின்னதுல இருந்து கோழிதானே."

அவளுக்குத் தெரியும். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுத அன்று அது நினைவுக்கு வராமல் பார்த்துக்கொண்டாள்.

"மாதையனை எதுக்குக் கொன்ன?"

"கரைக்குப் போய்ச் சொல்றேன்னான். உன் தங்கச்சி சொல்லியும் நீ வித்தேன்னு எல்லார்த்துக்கிட்டயும் சொல்றேன்னான். அங்க நடந்துட்டு இருந்ததைப் பார்த்தயல்லோ? அந்தக் கூட்டத்துக்கிட்ட என் பேரைச் சொன்னா என்னைய நாராக் கிழிச்சிருப்பாங்க. பயந்துட்டேன் கண்ணு. பொண்டாட்டி புள்ளை இருக்குது." குரலைத் தாழ்த்தினான். "ஒரு பட்டையை மாத்தி வெச்சுட்டாப் போச்சு. இப்ப நான் மாட்டுனா நான் மட்டும் மாட்ட மாட்டேன். அத்தனை பேரும் போவாங்க. நீயுந்தான். ஊருக்குச் சொல்லாம எங்கிட்ட மட்டும் சொன்னவ நீதானே? ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு நடந்தது சிவமதிக்கு முழுமையாக நினைவிருந்தது. மருந்துப் பாட்டில் தொங்கும் இரும்புத் தண்டைப் பிடுங்கினாள். அவன் முகத்தைக் காக்கக் கையைத் தூக்கினான். அந்தக் கையில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மறுபடி அடித்தாள். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தவனின் தலைக்கு நேராகத் தண்டை உயர்த்தியபோது, துடுப்பு உயர்ந்த உயரத்துக்கு அது உயர்ந்திருப்பதைக் கண்டாள். அடிக்க வேண்டும் என்றிருந்தது. ஒரே அடி. அந்த ஆசை உடம்பெல்லாம் இனித்தது.

தண்டை மெல்லக் கீழே இறக்கினாள். அதைச் சுவரோரம் சாய்த்தாள்.

ஒரு பட்டையை எடுத்தாள். தெளிவி வந்த புதிதில் அவளும் அந்தக் கரையில் ஓரிரு தடவை விரால் வறுவல் தின்றவள்தான். தன் விரலில் ஊசியைக் குத்தினாள். ரத்தம் சொட்டியது. நீலமாகு, என்று வேண்டிக்கொண்டாள். அண்ணன் தரையில் கிடந்து முனகிக்கொண்டிருந்தான். அவள் பட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கதவைத் தட்டினார்கள். ஷமீமா உள்ளே வந்து தரையையும் தண்டையும் பார்த்தார்.

"என் அண்ணன் ரத்தம் சுத்தமா இருக்குங்க," என்றாள் சிவமதி. "தெரிஞ்சேதான் கொன்னிருக்கான். எங்கிட்ட ஒத்துக்கிட்டான். மத்தவங்க எல்லாருக்கும் நீலம். வக்கீல் முன்னாலயே திரும்பவும் பண்ணிக் காட்டறேன், ஒவ்வொருத்தருக்கா. எத்தனை நாள் ஆனாலும் சரி."

ஷமீமா அவளை உட்கார வைத்தார். "அவர் கையை உடைச்சது நீங்களா?"

"ஆமாங்க."

இன்ஸ்பெக்டர் கதவை லேசாகச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "பரவால்ல டாக்டர். நீங்களும் இந்த ஊர்க்காரங்கதானே. நீங்களும் அந்தத் தண்ணி, அந்த மீன்தான். உங்களுக்கும் பாதிப்பு இருக்குன்னு எழுதிக்கறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

சிவமதி கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் இருந்த பட்டை, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளியைத் தவிர, வெள்ளையாக இருந்தது.